தென்னைக்கு நடுவே விளைந்த தைலம்

முன்னொரு காலத்தில் வாசனை என்றால் உயிரையே விடும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தைலம் தடவினான். அவ்வளவுதான்! மழையில் நனைந்த மண்ணின் மணம் சபை முழுக்கப் பரவியது. ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"இந்தத் தைலம் இனி நம் தென்னந்தோப்பிலேயே விளைய வேண்டும்! ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது, ஒரு தேங்காயும் குறையக் கூடாது. ஒன்றரை ஆண்டு தவணை. யார் செய்வீர்கள்?"

விகடகவி செம்மலையைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் கனகராயர் முந்திக்கொண்டார். "நம் செம்மலை செய்வார், மன்னா! ஆனால் அரண்மனை ஆட்கள் யாரும் அவருக்கு உதவக் கூடாது. தோற்றால் நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

செம்மலை அசரவில்லை. "இரண்டு மரத்துக்கு நடுவே வெயில் சும்மாதானே விழுந்து கிடக்கிறது, மன்னா! அதற்கு ஒரு வேலை கொடுக்கிறேன்."

அவனும் மனைவி வடிவாளும் ஆற்றங்கரையிலிருந்து ஒருவகைப் புல்லைக் கொண்டுவந்து மர வரிசைகளின் இடையே நட்டார்கள்.

"நட்டாச்சு. கூலிக்கு ஆளு வைக்கக் காசும் இல்ல. ஆளாழத்துக்கு இறங்குற வேரை நாம ரெண்டு பேரா எப்படிங்க தோண்டுறது? நாடு கடத்திட்டா எங்க போவோம்?" என்று வடிவாள் கலங்கினாள்.

"தோண்ட ஆளு தானா வரும், பாரு."

புல்லுக்கு இறைத்த தண்ணீரைத் தென்னையும் குடித்தது. குலைகள் பெருத்தன. புல்லும் ஆளுயரம் வளர்ந்தது. ஆனால் மணம்? துளியும் இல்லை! கனகராயர் அடிக்கடி வந்து இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு ஆனந்தமாகத் திரும்பினார்.

தவணைக்கு ஏழு நாள் இருக்கும்போது செம்மலை சபையில் கதறினான். "மன்னா, புல்லுக்குக் காவல் போடுங்கள்! யாராவது வேரோடு பிடுங்கிவிட்டால் நான் செத்தேன்!"

"காவலும் உதவிதானே? முடியாது" என்றார் ராஜா. கனகராயரின் கண்கள் மின்னின.

மறுநாள் ராஜா வேட்டைக்குப் போனதுதான் தாமதம், கனகராயர் அறுபது அரண்மனை ஆட்களோடு தோப்பில் இறங்கினார். தூசிக்குப் பயந்து மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஆழமாகத் தோண்டுங்கள்! ஒரு வேர் தங்கினாலும் மறுபடி துளிர்த்துவிடும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாலைக்குள் வேர் மலையாகக் குவிந்தது.

வேட்டையிலிருந்து திரும்பிய ராஜாவின் மூக்கு பாதி வழியிலேயே விடைத்தது. குதிரையை நேரே தோப்புக்குள் விரட்டினார். குவியலில் முகத்தைப் புதைத்தார். "அதே மணம்! அதே மணம்!"

"வெட்டிவேர், மன்னா! தைலம் வேரில்தான் இருக்கிறது. இனி காய்ச்சி இறக்க வேண்டியதுதான் பாக்கி" என்றான் அங்கே காத்திருந்த செம்மலை.

கனகராயருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "மன்னா, தோண்டியவர்கள் அரண்மனை ஆட்கள்! இவர் நிபந்தனையை மீறிவிட்டார். நாடு கடத்துங்கள்!"

"ஒரே ஒரு கேள்வி, மன்னா. அவர்கள் எனக்கு உதவ வந்தார்களா, உங்கள் பயிரை அழிக்க வந்தார்களா? அழைத்து வந்த அமைச்சரே சொல்லட்டும்."

உதவ என்றால் அரச ஆணையை மீறிய குற்றம். அழிக்க என்றால் ராஜ துரோகம். கனகராயர் அவிழ்த்த துணியை எடுத்து, மறுபடி மூக்கோடு வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் செம்மலையின் கழுத்தில் போட்டார். "தைலத்தில் பாதி உனக்கு! வேறென்ன வேண்டும், கேள்!"

"அடுத்த விளைச்சலுக்கும் இதே அமைச்சரை இதே ஆட்களோடு அனுப்புங்கள், மன்னா. எனக்கு உதவவே வேண்டாம். வந்து அழித்துவிட்டுப் போகட்டும்!"

"இது ஆணை!" என்றார் ராஜா, சிரிப்பு அடங்காமல் மறுபடி வேர்க்குவியலில் முகம் புதைத்தபடி.