கழற்றி வைத்த ஃபில்டர்

"என் மகளைக் கொன்னது நானாம்மா?"

வாசலில் நின்றபடியே தணிகாசலம் கேட்டார். ஐம்பத்தாறு வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கையில் கனமான சாக்குப் பை.

கொல்லிமலைச் சரிவில் இருந்த அந்தத் தியான இல்லத்தைக் கமலினி நடத்தினார். தணிகாசலத்தைவிட இருபது வயது இளையவர்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இல்லைன்னார்."

"சொந்தக்காரங்க?"

"விதின்னாங்க."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?"

"நீங்க இதுக்கு முன்னாடி நாமக்கல்லில் ரிப்பேர் கடை வெச்சிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். ஆறுதல் சொன்னவங்க யாரும் இதைத் திறந்து பார்க்கலை."

அவர் சாக்கைப் பிரித்தார். உள்ளே ஒரு வேக்குவம் கிளீனர். பை இல்லாத வகை. முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடுவை.

கமலினி தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

அவர் சொன்னார்.

மகள் மிருதுளாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். வீட்டில் துடைப்பம் போடக் கூடாது, தூசி பறக்கும் என்று டாக்டர் சொன்னதால் இந்த மெஷினை வாங்கினார். தினமும் வேலைக்குப் போகும் முன் அவரே அவள் அறையைச் சுத்தம் செய்தார். நாலு வருஷம் அவள் நன்றாக மூச்சுவிட்டாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில்கூட ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். அதற்கே அவர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

"அப்புறம் மெஷினோட இழுவை குறைஞ்சது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். காய ஒரு நாள் ஆகும். அது இல்லாம ஓட்டிப் பார்த்தேன். புதுசு மாதிரி இழுத்தது. சரி, இதுவே நல்லாயிருக்கேன்னு விட்டுட்டேன்."

"எத்தனை நாள்?"

"பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப் போனேன்."

 

கமலினி எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு பிடி அரிசியும் ஒரு பிடி மைதாவும் கொண்டுவந்து தரையில் தூவினார். ஜன்னல்களைச் சாத்தினார். ஒன்றை மட்டும் விரலளவு திறந்து வைத்தார். வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

"ஓட்டுங்க."

"மூணு வருஷமா நான் இதைத் தொடலைம்மா. ஃபில்டரைத் திரும்பப் போடவும் இல்லை."

"ஓட்டுங்க."

மெஷின் இரைந்தது. குடுவையின் சுவரை ஒட்டி அரிசி படபடவென்று சுழன்றது.

"என்ன தெரியுது?" கமலினி சத்தமாகக் கேட்டார்.

"சுத்துது."

"காத்து நேரா உள்ளே வரலை. பக்கவாட்டில் நுழையுது. வட்டமான சுவர், அதனால சுழலுது. கீழே குறுகக் குறுக வேகம் கூடும். கனமானது சுவர்ப் பக்கம் வீசப்படும். அங்கே உரசி வேகம் போயி அடியில் விழும். காத்து மட்டும் நடுவால மேலே ஏறிப் போயிடும். பை வெச்ச மெஷின்ல தூசி பையோட துணியை அடைக்கும், இழுவை போயிடும். இதுல அந்தத் தொல்லை இல்லை."

"அப்போ ஃபில்டர் எதுக்கு?"

"பின்னாடி பாருங்க."

மெஷினின் பின்புறத் துளைகளிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அது வெயில் கோட்டைக் கடந்த இடத்தில், புகை போல ஏதோ மெல்ல எழுந்து விரிந்தது.

தணிகாசலம் கையை நீட்டினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"மைதா."

"அரிசியையும் மாவில் பெரும்பகுதியையும் சுழல் வீசிடுச்சு. ரொம்ப நைசானதுக்குக் கனம் போதாது. சுழலால அதை வீச முடியாது. காத்தோடவே போயிடும். அதைப் பிடிக்கத்தான் ஃபில்டர்."

அவர் மெஷினை நிறுத்தினார். நிறுத்திய பின்னும் வெயிலில் அந்த மாவு மிதந்தது. வெகுநேரம் இறங்கவே இல்லை. மகளின் தலையணை இருந்த உயரத்தில் அது மிதந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான்."

அவர் கமலினியை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லைன்னு சொல்லுங்கம்மா."

"அன்னைக்குப் பனி இருந்திருக்கலாம். சளி பிடிச்சிருக்கலாம். இதுதான்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது." கமலினி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "இது இல்லைன்னு என்னாலும் சொல்ல முடியாது."

தணிகாசலம் அழுதார். மூன்று வருஷமாக எல்லோரும் அவரைத் தட்டிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு யாரும் தட்டிக் கொடுக்கவில்லை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழுகை ஓய்ந்தபோது கேட்டார்: "எனக்கு மன்னிப்பு உண்டா?"

"மன்னிக்க வேண்டியவ இப்போ இல்லையே."

"அப்போ நான் என்ன செய்யறது? இங்கேயே இருந்துடறேன். கூட்டறேன், பாத்திரம் கழுவறேன். என்ன தண்டனை சொன்னாலும் சரி."

"ஃபில்டர் விஷயம் வீட்டில் தெரியுமா?"

"என் மனைவி சௌந்தரத்துக்கா? சொன்னதில்லை."

"குழந்தை எதனால போச்சுன்னு அவங்க நினைக்கிறாங்க?"

அவர் சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"முந்தின நாள் சாயங்காலம் மிருதுளா கேட்டாள்னு ஜில்லுன்னு மோர் கொடுத்தா. அதான்னு சொல்லுவா. அவ அம்மாவும் அதையே சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து வீட்டில் தயிர் தோய்க்கிறதில்லை. ஃப்ரிட்ஜை வித்துட்டா. சில நாள் உட்கார்ந்து தன் கையையே பார்த்துட்டு..."

அவர் பேச்சு அங்கேயே நின்றது.



"மூணு வருஷம்," என்றார் தணிகாசலம்.

"ம்."

"சொன்னா அவ என்னை விட்டுட்டுப் போயிடுவாம்மா."

"போகலாம்."

அவர் தரையையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரல் இரண்டு முறை தவறான பெயரைத் தொட்டது. மூன்றாவது முறை மணி அடித்தது.

"சௌந்தரம்... நான்தான். சாப்பாடெல்லாம் அப்புறம். நீ உட்காரு. முதல்ல உட்காரு." மூச்சை இழுத்துக்கொண்டார். "நீ கொடுத்த மோர் இல்லடி."

(end)