கூப்பிட்டால் வரும் பஸ்

குரு என்றதும் தாடியும் மரத்தடியும் நினைவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் நஸ்ரீன். திருச்சியில் இருந்துகொண்டு, சனிக்கிழமைதோறும் இணையத்தில் பொதுப் போக்குவரத்து பற்றி வகுப்பு நடத்துகிறார். பஸ் நிறுத்தம் எங்கே இருக்க வேண்டும், படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், ஓர் ஊருக்கு வழித்தடத்தை எப்படி வரைய வேண்டும் என்பதெல்லாம் அவருடைய ஆராய்ச்சி. யார் வேண்டுமானாலும் வகுப்பில் சேரலாம்.

சீடருக்கு ஐம்பத்து நாலு. பெயர் தவசிமுத்து. தெற்கே ஒரு டிப்போவில், எந்த பஸ் எப்போது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். மேலதிகாரி போனில் பேசினால்கூட எழுந்து நின்றுகொண்டு பேசுவார்.

வகுப்பில் சேர்ந்த பிறகு அவர் ஒரு திட்டம் தீட்டியிருந்தார். கருவேலம்பட்டிப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸில் கூட்டமே இருப்பதில்லை. அதை நிறுத்திவிடலாம். போக வேண்டியவர்கள் கைப்பேசியில் கூப்பிட்டால் ஒரு மினி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சோதனை ஓட்டம்கூட நடத்திப் பார்த்துவிட்டார்.

கடைசி வகுப்புக்கு முந்தைய வாரம், எல்லோர் முன்னாலும் அதை விளக்கினார். கைதட்டும் சின்னப் படங்கள் திரையில் வந்து விழுந்தன. அப்போது ஒரு பெண் பேசினாள். முத்துப்பேச்சி என்று பெயர் தெரிந்தது. பின்னால் நூல் மில்லின் இரைச்சல்.

"சார், நான் கருவேலம்பட்டிதான். வேலை முடிஞ்சு அந்தக் கடைசி பஸ்லதான் வீட்டுக்குப் போவேன். நீங்க சொல்லுத பஸ்ஸு கூப்பிட்டா வந்துருமா?"

"வந்துரும்மா. நூறு தடவை கூப்பிட்டுப் பார்த்தோம். தொண்ணூத்தேழு தடவை வந்துருக்கு."

"வராத அன்னைக்கு என்ன சார் செய்ய?"

"அது மூணே மூணு தடவைதாம்மா."

"அந்த மூணுல நான் நின்னா?"

"நீ ஏன் அதுல நிக்கப்போற? எதையாவது நினைச்சு சும்மா பயப்படக் கூடாது."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் தவசிமுத்து போகாமல் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். எவ்வளவு கணக்கு காட்டினாலும் ஜனங்களுக்கு இந்தப் பயம் மட்டும் போக மாட்டேங்குதே. ஏன் மேடம்? பஸ்தான் வந்துருதுல்லா?"

நஸ்ரீன் சற்று யோசித்தார்.

"அடுத்த வாரம் சொல்றேன் சார்."

அடுத்த வாரம் சாதாரண வாரம் இல்லை. போக்குவரத்துக் கழகத்தின் நிர்வாக இயக்குநரே, அதாவது எம்.டி.யே, வகுப்புக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தலையசைத்துவிட்டால் மாதம் பிறந்ததும் பழைய பஸ் நின்றுவிடும், புதுத் திட்டம் ஓடத் தொடங்கிவிடும். இத்தனை வருஷ வேலையில் தவசிமுத்துவின் பெயர் மேலிடத்தில் யார் காதிலாவது விழுந்தது இதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை. இஸ்திரி போட்ட சட்டை மேலே, இடுப்பில் கட்டிய சாரம் கீழே. சாப்பாட்டு மேஜையில் மகனுடைய மடிக்கணினி. தவசிமுத்து வகுப்பின் இணைப்பை அழுத்தினார். வெள்ளைத் திரையில் ஒரு வரி மட்டும் வந்தது. காத்திருக்கவும், வகுப்பை நடத்துபவர் விரைவில் உங்களை அனுமதிப்பார்.

எப்போதும் வருகிற வரிதான். மூச்சு விடுவதற்குள் கதவு திறந்துவிடும். இன்றைக்குத் திறக்கவில்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடியைச் சரிசெய்துகொண்டார். திரை அப்படியே இருந்தது.

"காப்பி தரட்டா?" என்று கேட்டபடி அவர் மனைவி ராஜகனி வந்தார்.

"சத்தம் போடாத. எப்பம் வேணும்னாலும் கூப்பிட்டுருவாங்க."

வகுப்பு தொடங்கும் நேரம் வந்தது. போயும்விட்டது. அவர் நஸ்ரீனுக்கு போன் போட்டார். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே கதைதான்.

"வெளிய வந்துட்டு திரும்பப் போய்ப் பாருங்களேன்" என்றார் ராஜகனி.

"வெளிய வார அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுட்டா?"

"அப்போ இருங்க."

"கூப்பிடாமலே விட்டுட்டா?"

ராஜகனி போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அப்படியும் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் தவித்தது. எழுந்து போகப் பயம். கொல்லைப்பக்கம் போக வேண்டும் போலிருந்தது. அதற்கும் பயம். இந்நேரம் எம்.டி. உள்ளே வந்திருப்பார். எங்கேய்யா அந்த ஆள் என்று கேட்டிருப்பார். யாராவது பதில் சொல்லியிருப்பார்களா? இல்லை, எழுந்தே போயிருப்பாரா? உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு சத்தம் கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது. கேட்கவில்லை.

"மேடம்?" என்றார் திரையைப் பார்த்து. "மேடம், நான் இங்கதான் இருக்கேன்."

அந்தக் குரல் எங்கும் போகாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் சொன்னார்.

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. எம்.டி. கோபிப்பாரே என்ற பயம் இல்லை, திட்டம் கெட்டுப்போகுமே என்ற பயமும் இல்லை. மறந்துவிட்டார்கள். எல்லோரும் வந்தாயிற்று என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்கள். தான் இங்கே உட்கார்ந்திருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வயதில், சொந்த வீட்டில், பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போதே இப்படி ஒரு பயம். அதை நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

திரை திறந்தது.

கட்டம் கட்டமாக முகங்கள். முதல் வரிசையில் எம்.டி. இருந்தார். இன்னும் போகவில்லை. யாரோ எதற்கோ சிரித்து முடித்துக்கொண்டிருந்தார்கள். தவசிமுத்து இல்லாததை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

"வாங்க சார்" என்றார் நஸ்ரீன். "உங்க முறைதான்."

"மேடம், நான் வெளியவே... இவ்வளவு நேரமா... போன்கூடப் பண்ணுனேன்."

"பார்த்தேன் சார்."

"பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவையும் பார்த்தேன்."

தவசிமுத்துவுக்கு எம்.டி. முன்னால் குரலை உயர்த்தக் கூடாது என்பதுகூட மறந்துபோனது.

"பார்த்துட்டு எடுக்காம இருந்தீங்களா? இந்தா கூப்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? இல்ல, இன்னைக்குக் கிடையாதுன்னாவது சொல்லியிருக்கலாம். எனக்கு உசுரே போயிருச்சு மேடம்."

"அதான் வந்துட்டீங்களே சார்."

எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாமா? எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு."

"ஒரே நிமிஷம் சார்" என்றார் நஸ்ரீன். பிறகு தவசிமுத்துவின் பக்கம் திரும்பினார். "சார், இன்னைக்கு வகுப்புக்கு நூறு பேர் வந்தாங்க. அதுல மூணு பேரை மட்டும் நான் உள்ள விடல. உங்களை இப்பதான் விட்டேன். மத்த ரெண்டு பேரும் இன்னும் அங்கேயேதான் இருக்காங்க."

தவசிமுத்துவின் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"யாரு மேடம் அவங்க?"

"எனக்கும் தெரியாது. அந்த ரெண்டு பேரையும் பேரைப் பார்க்காமத்தான் நிறுத்தினேன்."

"ஐயோ, கூப்பிடுங்க மேடம். முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க."

"எதுக்கு சார்? தொண்ணூத்தெட்டு பேர் உள்ள இருக்கோம். எம்.டி. சார் வந்துட்டாரு. நீங்களும் வந்துட்டீங்க. ரெண்டே ரெண்டு பேர்தான்."

எம்.டி. குனிந்து தன் திரையை உற்றுப் பார்த்தார்.

நஸ்ரீன் தவசிமுத்துவையே பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்.

"பரவாயில்லைன்னா ஆரம்பிங்க சார்."