பாக்கியத்தாய் கை வைத்த இடம்

பல்கலைக்கழக விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் பாக்கியத்தாயின் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒன்றும் இல்லை" என்று எழுதினார்.

"கையில தட்டுப்படுது சார்" என்றாள்.

"கட்டி உன் மனசுலதான்மா இருக்கு" என்றார். படத்தில் தெரியாததற்கு ஊசிப் பரிசோதனையும் கிடையாதாம்.

அவள் விடவில்லை. பேராசிரியர் சுபைதாவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அங்கே புதுவகை எக்ஸ்ரே ஒன்று சோதனையில் இருந்தது. மாணவன் அருள்நேசன் முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு, மிகக் குறைந்த கதிரில் பதினைந்து கோணங்களில் படமெடுத்தான். பதினைந்தையும் கணினியில் பொருத்திச் சேர்த்தான்.

"ஒண்ணுமில்ல மேடம். தெளிவான ஒரு படத்துல இல்லாதது, மங்கலான பதினஞ்சுல எப்படி வரும்?"

சுபைதா அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். வெயிலுக்காக மூங்கில் தட்டி கட்டியிருந்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தட்டிதான் தெரியுது."

"வேகமா நட."

நடந்தான். "இப்பவும் தட்டிதான் மேடம்."

"தட்டியையே பார்த்துக்கிட்டு நடந்தா? கண்ணை அதுக்கு அப்பால வை."

மறுபடி நடந்தான். மூங்கில்கள் கரைந்து போயின. புங்க மரத்தடியில் பாக்கியத்தாய் உட்கார்ந்திருந்தாள். மார்பின் அடிப்பக்கத்தில் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.

"படங்களை மார்புக்குள்ள எந்த ஆழத்து மட்டத்துக்குப் பொருத்தினே?"

"நடு மட்டத்துக்கு."

"ஏன்?"

அவன் முகம் சுருங்கியது. ஆறு மாதமாக மார்புக்குப் பதிலாக வைத்து அவன் பழகிய மெழுகுக் கட்டையில், கட்டிக்குப் பதிலான சோதனை மணியை நடுவில்தான் புதைத்திருந்தார்கள்.

"மணி அங்கதான் இருக்கும்... பழக்கம் மேடம்."

"அவங்க மெழுகா?"

உள்ளே ஓடினான். ஒவ்வொரு மட்டமாகக் கீழே இறங்கினான். அவள் கை இருந்த மட்டத்தில் நின்றான். எல்லாம் ஒரே வெள்ளை.

"கட்டியும் சதையும் கதிரை ஏறக்குறைய ஒரே அளவுதான் தடுக்கும்" என்றார் பின்னால் வந்த சுபைதா. "நிழலை விடு. கட்டியோட விளிம்புல கதிர் லேசா வளையும். அப்படி எங்கே வளைஞ்சு போயிருக்குன்னு பாரு."

அந்தக் கருவி வளைவையும் பதிவு செய்திருந்தது. அந்தப் படத்தைத் திறந்தான். வெள்ளைக்குள்ளிருந்து மெல்லிய விளிம்பு ஒன்று எழுந்தது. சுண்டைக்காய் அளவு.

அவன் அந்த விளிம்பை அளந்து குறித்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"இதைக் காட்டியும் டாக்டர் 'மனசுலதான்'னு சொன்னா?"

சுபைதா படத்தை உறையில் போட்டு அவனிடம் நீட்டினார்.

"இங்க கூட்டிட்டு வா. அவரும் தட்டியோரமா நடக்கட்டும்."