உப்புத் தண்ணீர்

“மூணு வருஷமா கழுவுறேம்மா. கறை போகல,” என்றார் நாகலிங்கம்.

கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்தார். வைத்ததில் பாதி கோபம், பாதி முதுகுவலி.

மடத்துக் கூடத்தில் ஆறு கண்ணாடிச் சன்னல்கள். அவர் மடத்துக்கு வந்த அன்றே, அவற்றைக் கழுவும் வேலையைச் சிவகாமியம்மாள் கொடுத்துவிட்டார். அம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதானே.

வந்த புதிதில் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள்தான் இருந்தன. இப்போது வெளியே நிற்பது மரமா மாடா என்று தெரியவில்லை.

“எந்தத் தண்ணியில கழுவுறீங்க?”

“போர் தண்ணிதான். இந்த ஊர்ல வேற ஏது?”

அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது.

“கழுவிட்டு?”

“அப்படியே காய விட்ருவேன்.”

அம்மாள் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நாகலிங்கம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அலுப்பாக இருந்தது. கறை ஒரு சாக்குத்தான். நேற்று அண்ணன் மகள் கோமதி போன் பண்ணியிருந்தாள். அதை அம்மாளிடம் சொன்னார்.

“அண்ணன் படுத்த படுக்கையாம்மா. வாசலையே பாத்துக்கிட்டிருக்காராம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சித்தப்பான்னு அழுவுது அந்தப் புள்ள.”

“போகலையா?”

“மனசு வரல.”

பதினோரு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஏன் என்று மடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். தினமும் சன்னலைக் கழுவிக்கொண்டே அதைத்தான் சொல்வார். சொன்னால் மனப்பாரம் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இன்றும் சொன்னார்.

“அப்பாவுக்கு மூத்தவன், ஆத்தாவுக்கு இளையவன். எங்க வழக்கம் அது. எங்க ஆத்தாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். வர்ற வழியில பஸ் நின்னுபோச்சு. கால் மணி நேரம்கூடப் பாக்கல அண்ணன். அவரே வச்சுட்டாரு.”

அம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போனார். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி ஒன்றோடு திரும்பி வந்து, கண்ணாடியின் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தார்.

நாகலிங்கம் வாளியைத் தூக்கினார்.

“அது வேண்டாம். கொஞ்சம் ஊறட்டும்.”

இருவரும் காத்திருந்தார்கள்.

“நீங்க இங்க வந்த அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க,” என்றார் அம்மாள்.

“ஆமா. மறக்கக்கூடிய விஷயமா?”

“அன்னைக்கு, அண்ணன் பொழுது சாயற வரைக்கும் பாத்தாருன்னு சொன்னீங்க. தம்பி வரட்டும்னு யாரையும் எடுக்க விடலையாம். இருட்டினா எரிக்கக் கூடாதுன்னு ஊர்ப் பெரியவங்க சத்தம் போட்ட பிறகுதான் வச்சாராம்.”

நாகலிங்கம் வாளியைக் கீழே வைத்தார்.

“அடுத்த வருஷம் அது ஒரு மணி நேரமாச்சு. போன ஆடியில அரை மணி. இன்னைக்குக் கால் மணி.”

அம்மாள் காய்ந்த துணியை எடுத்து அந்த மூலையை ஈரமில்லாமல் துடைத்தார்.

உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி தெளிந்திருந்தது. அதன் வழியே வேப்பமரம் தெரிந்தது. மரத்தடியில் பஸ் ஸ்டாப். அங்கே ஒருவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்து நின்றிருந்தார்.

அண்ணனும் அன்று வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார். பதினோரு வருடத்தில் அது இன்றுதான் தோன்றியது. நாகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“எங்க ஊருக்கு அடுத்த பஸ் எப்பம்மா?”

“பதினொன்னரைக்கு. பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்.”