கவசத்தின் உள்பக்கம்

காமிக்ஸ் விழா வேஷப் போட்டியில் உடையைச் சொந்தக் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்பது விதி. சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேம்புலி, பழைய யோகா பாயை இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி வளைத்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, விண்வெளி வீரனாக மேடையேறினான். கவசம் மின்னிய மின்னலில் தலைமை நடுவர் சக்ரபாணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யார்கிட்ட கதை விடுறே? இது கடையில வாங்குனது. நீதான் செஞ்சேன்னு இங்கயே நிரூபி, இல்லேன்னா இறங்கு!"

வேம்புலிக்குக் காது மடல் சுட்டது. உள்ளே ஒட்டியிருப்பது குப்பையில் பொறுக்கியது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வான்?

"உள்பக்கம் பார்த்தா தெரியும் சார். ஆனா மானம் போயிரும்."

"போனா உன் மானம்தானே? திருப்புடா!"

"சரி சார், நீங்க சொல்லித்தான் திருப்புறேன்."

கவசத்தைக் கழற்றித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கிழிந்த பனியனோடு கூனிக் குறுகி நின்றான். உள்ளே ஒட்டியிருந்தது ஒரு பிறந்தநாள் பிளெக்ஸ் பேனர். அதில் சக்ரபாணியே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கில் மட்டும் வெற்றிலைக் கறை.

"குப்பைத்தொட்டி பக்கத்துல கிடந்தீங்க சார். கழுவித்தான் ஒட்டினேன், கறை போகல. இப்படி எந்தக் கடையில விக்கிறாங்க?"

கூட்டம் விசிலடித்தது.

"கைவேலைதான், கைவேலைதான்! முதல்ல அதை மாட்டுய்யா!" என்று பதறினார் சக்ரபாணி.

முதல் பரிசு வேம்புலிக்குத்தான். ஆனால் கோப்பை கைமாறியபோது, கொடுத்தவரும் வாங்கியவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.