ஆடுகிற கொக்கி

"இதுல எது சரியான டேப்புன்னு சொல்லுங்க ஆசாரியம்மா."

செய்யது மசூது கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம் சொல்லவில்லை, உட்காரவில்லை. கையிலிருந்த துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். ஐந்து டேப்புகள் விழுந்தன.

செங்கோட்டை சாலையில் இருக்கிறது உலகம்மையின் மரப் பட்டறை. நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் அவரே செய்வார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆசாரியம்மா. கேட்டவுடன் பதில் வேண்டும் என்கிறவர்கள் அவரிடம் தொழில் கற்க வந்து ஒரு வாரம் தாண்டியதில்லை. மசூது அவரைவிட வயதில் மூத்தவர். சவுதியில், தம்மாமில், வெகுகாலம் கடை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உளி பிடிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றார்.

உலகம்மை டேப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இது?"

"தம்மாம்ல வாங்கினது. சென்டிமீட்டர் மட்டுந்தான் இருக்கு."

"இது?"

"சிமெண்டுக் கடையில சும்மா குடுத்தான். அந்த நீளமானது மனை அளக்குறது. இது மச்சான் வீட்டுல கெடந்துது. இந்தத் துணி டேப்பு என் வீட்டுக்காரி தைக்கிறதுக்கு வச்சிருந்தது."

"என்ன பிரச்சினை?"

"ஒரே வாசல அஞ்சாலயும் அளந்தேன். அஞ்சும் அஞ்சு கணக்கு சொல்லுது. யார நம்புறது?"

"எந்த வாசல்?"

அப்போதுதான் மசூது உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஹமீதா மாடிப்படியில் விழுந்து முதுகில் அடிபட்டவர். கால் இரண்டும் விளங்கவில்லை. கையால் உருட்டுகிற சக்கர நாற்காலியில் வீடு முழுவதும் போய்வருவார். கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை வாசல் மட்டும் குறுகல், நாற்காலி நுழையாது. அந்த இடத்தில் மசூதுதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஹமீதாவுக்கு அது பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

"டாக்டர் ஏசிட்டாரு. கிட்னி கெட்டுரும்ங்காரு. இவ கேக்கல. 'வாசல் பெருசாகட்டும், குடிக்கேன்'ங்கா. ஒரு டம்ளர் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு நாள ஓட்டுதா."

"ஆள் வச்சு செய்யலாமே பாய்."

"ரெண்டு பேரு வந்து பாத்தாச்சு. செவுத்த தொடாதீய, சின்ன வீல் சேரா வாங்குங்கன்னுட்டுப் போறாங்க. அவ என்ன, சேருக்குத் தக்கன சுருங்கவா முடியும்? இனி ஒருத்தன்கிட்டயும் கேக்க மாட்டேன். நானே செய்வேன்."

உலகம்மை ஐந்து டேப்பையும் பையில் போட்டு அவரிடமே கொடுத்தார். சுவரில் தொங்கிய தன் டேப்பை எடுத்தார். நாக்கு அகலமான டேப். ஒரு கையால் இழுத்து நீட்டினார். அந்தரத்தில் மடங்காமல் எதிர்ச்சுவர் பக்கம் போய் நின்றது.

"ஒத்தையா வேலை செய்யப் போறீய. அந்தக் கடைசில பிடிக்க ஆள் இருக்காது. இது தானா நிக்கும். செவுத்தையும் இதால அளங்க, மரத்தையும் இதால அளங்க. நடுவுல மாத்தாதீய."

"அப்ப இதுதான் சரியான டேப்பா?"

உலகம்மை இழைப்புளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மசூது கற்றுக்கொண்டார். இஞ்சுக்கு எட்டு நூல் என்று மனப்பாடம் செய்தார். பென்சிலைத் தட்டையாகச் சீவக் கற்றார். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா ரம்பம் போக வேண்டும் என்பது புரியவே பல பலகைகள் விறகாயின. கையில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்துப் போனது. ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

பிறகு உலகம்மை ஒரு பெட்டியைக் காட்டினார். அதன் உள்ளே தட்டுப் பலகைகள் செய்து பொருத்த வேண்டும். ஆணி, பசை எதுவும் கூடாது. உள்ளே வைத்தால் தானாக நிற்க வேண்டும்.

அளக்கப் போகும்போதுதான் மசூது கவனித்தார். டேப் நுனியில் இருக்கிற கொக்கி லேசாக முன்னும் பின்னும் நகர்ந்தது.

"ஆசாரியம்மா, கொக்கி ஆடுது."

"ஆடட்டும்."

மசூது ஆடுகிற எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. தம்மாம் கடையில் முக்காலி ஆடினால், உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளரை எழுப்பிவிட்டுக் காலைச் சரிசெய்வார். இதை மட்டும் விடுவாரா? டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். கொக்கியை உள்ளே தள்ளிவைத்து, பசை ஒரு சொட்டு விட்டு, ஆணித்தலையைச் சுத்தியலால் தட்டினார். காலையில் பட்டறைக்கு வரும்போது முகத்தில் ஒரு திருப்தி. ஆசாரியம்மாவுக்கே ஒரு உதவி செய்துவிட்டதாக நினைப்பு.

பெட்டியின் உள்ளகலத்தை அளந்தார். பலகையில் கொக்கியை மாட்டி அதே அளவைக் குறித்தார். அறுத்தார். வைத்தார். பலகை நிற்கவில்லை, கீழே விழுந்தது.

இன்னொன்று அறுத்தார். அதுவும் விழுந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று அறுத்தார். சாப்பாட்டு நேரம் போனது. உலகம்மை கூப்பிட்டுப் பார்த்தார்.

"இத முடிச்சிட்டு வாரேன்."

மதியம் சாய்ந்தபோது பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு எல்லாம் ஒரே வரிசையில் இருந்தது.

"ஆசாரியம்மா, கை பிசகியிருந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும்லா? இது அம்புட்டும் ஒரே மாதிரி குறையுது. நகக்கனம்தான். ஆனா எல்லாத்துலயும் அதே நகக்கனம்."

உலகம்மை கையை நீட்டினார். மசூது டேப்பைக் கொடுத்தார். அவர் கொக்கியை விரலால் அசைத்தார். அசையவில்லை.

"யாரு இறுக்கினது?"

"நான்தான். ஆடுச்சு."

உலகம்மை திட்டவில்லை. வேறொரு டேப்பை எடுத்து, கொக்கியைப் பலகை விளிம்பில் மாட்டி இழுத்தார். கொக்கி நகர்ந்தது. அதையே பெட்டியின் உள்சுவரில் முட்டினார். கொக்கி பழைய இடத்துக்கு வந்தது. டிக் என்று சின்னச் சத்தம்.

"நீங்க செஞ்சு பாருங்க."

மசூது இழுத்துப் பார்த்தார். முட்டிப் பார்த்தார். கண்ணருகே வைத்து மறுபடி இழுத்தார்.

"இது நகருற தூரம்..." என்றார். கொக்கித் தகட்டை நகத்தால் தடவினார். "இந்தத் தகட்டுக் கனம்தான். மாட்டி இழுத்தா கனத்த விட்டுக்குடுக்கு. முட்டினா கனத்தச் சேத்துக்கிடுது."

உலகம்மை தலையசைத்தார்.

"அப்ப நான் செஞ்சது ரிப்பேர் இல்ல."

"இல்ல."

மசூதுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மாற்று டேப் வேண்டாம் என்றார். பட்டறை வாசலில் உட்கார்ந்து, ஊசியால் பசையைச் சுரண்டிச் சுரண்டி, ஆணியை நெம்பித் தளர்த்தி, அந்தக் கொக்கியைப் பழையபடி ஆட வைத்தார். அதன்பிறகு அறுத்த பலகையை உள்ளே வைக்க உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. அது நின்றது.

அடுத்தது வாசல்.

மசூது சக்கர நாற்காலியை அளந்தார். இருபத்தைந்து இஞ்சு. போக வர ஒரு பக்கத்துக்கு ஒரு நூல் விட்டு, வாசல் இருபத்தைந்து இஞ்சு இரண்டு நூல் என்று முடிவு செய்தார். உலகம்மையிடம் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது.

"நிலை செய்யுறதுக்கு முந்தி கட்டைய நிறுத்திப் பாப்போம்," என்றார் உலகம்மை.

மறுநாள் மசூதின் வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். நடுவில் இருபத்தைந்து இஞ்சு இரண்டு நூல். சுவரோரம் ஸ்டூலில் மூடிவைத்த ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. ஹமீதா அதன் பக்கம் திரும்பவில்லை. கட்டைகளைப் பார்த்தார். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

நாற்காலி நுழைந்தது.

மசூது சிரித்தார். ஹமீதா சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் வந்ததும் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். முந்தானையில் சிவப்பாகப் பட்டிருந்தது. உலகம்மை பக்கத்தில் போய் அந்தக் கைகளை எடுத்துப் பார்த்தார். விரல் முட்டிகள் கட்டையில் உரசித் தோல் வழன்றிருந்தது.

"கைய மடியில வச்சுக்கோ," என்றார் மசூது. "வாசல்ல மட்டும் நான் தள்ளுதேன். ஒரு நிமிசந்தானே."

"அப்ப இது உங்க வாசல்," என்றார் ஹமீதா. "என் வாசல் இல்ல."

மசூது தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண் என்று தோன்றியது.

"ஒரு நூல் பிசகலியே ஆசாரியம்மா. திரும்பத் திரும்ப அளந்தேன்."

"எத அளந்தீய?"

"வீல் சேர."

"அப்ப அது எங்க நின்னுச்சு?"

"செவுத்தோரமா."

"யாரு இருந்தா அதுல?"

மசூது ஹமீதாவின் கைகளைப் பார்த்தார்.

உலகம்மை டேப்பை எடுத்தார். கொக்கியை விரலால் இழுத்தார். உள்ளே தள்ளினார். டிக். மறுபடி இழுத்தார், தள்ளினார். டிக். டேப்பை மசூதின் கையில் வைத்தார்.

மசூது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். கட்டைகள் இரண்டையும் தூக்கி ஓரமாகப் போட்டார்.

"சக்கரத்தப் பிடி," என்றார் மனைவியிடம். "என்கிட்ட வா. நிக்காத, உருட்டிக்கிட்டே வா."

ஹமீதா உருட்டினார். மசூது குனிந்து, அவரைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, இந்த முழங்கையிலிருந்து அந்த முழங்கைவரை டேப்பை நீட்டிப் பிடித்தார். கூடத்தின் கடைசிவரை போனார்கள், திரும்பி வந்தார்கள். ஹமீதா திரும்பும்போது முழங்கை இன்னும் கொஞ்சம் விரிந்தது. அதையும் அளந்தார்.

"இருபத்தொம்பது," என்றார். "முப்பத்தொண்ணு வைக்கேன்."

"அம்புட்டு எதுக்கு?" என்றார் ஹமீதா.

"சில நேரம் அவசரமா வருவல்லா."

அன்றைக்கு முதல்முறையாக ஹமீதா சிரித்தார்.

முப்பத்தொன்று என்றதும் சுவரை இடிக்க வந்த கொத்தனார் முகத்தைச் சுளித்தார். அந்த ஓரத்தில் சுவிட்சுப் பலகை இருக்கிறது, குழாய் போகிறது, இரண்டு இஞ்சு குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். "சுவிட்ச மாத்துவோம், குழாய மாத்துவோம். ரெண்டு இஞ்ச மாத்த முடியாது," என்றார் மசூது. நிலைக்குக் கால்களைத் தானே இழைத்தார். கதவை விரியத் திறக்கிற கதவாக இல்லாமல் ஓரமாகத் தள்ளுகிற கதவாகச் செய்தார். தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று மட்டும் அளக்கவில்லை. ஹமீதாவை உட்காரவைத்து, அவர் கை போய் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று உலகம்மை வந்தார்.

ஹமீதா யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்குள் போனார். எதுவும் உரசவில்லை. கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஹமீதா நேராக அடுக்களைக்குப் போனார். பானையில் ஒரு டம்ளர் மொண்டு, நிறுத்தாமல் குடித்தார். இன்னொன்று மொண்டு, அதையும் குடித்தார். மசூது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுதார். அதை மறைக்கத் தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

உலகம்மை கிளம்பும்போது மசூது பின்னாலேயே தெருவாசல்வரை வந்தார். கையில் அந்தப் பழைய துணிப்பை இருந்தது.

"ஆசாரியம்மா, முத நாள் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எது சரியான டேப்பு?"

உலகம்மை செருப்பை மாட்டினார்.

"என்கிட்ட கேக்காதீய பாய். அவுக விரலப் பாருங்க."

மசூது திரும்பி அடுக்களையைப் பார்த்தார். ஒரு புதுக் கீறலும் இல்லாத கையால் ஹமீதா மூன்றாவது டம்ளர் மொண்டுகொண்டிருந்தார்.