இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்த குளம்

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். மானும் சிறுத்தையும் அங்கே சந்தித்துக்கொள்ளக் கூடாது என்று விலங்குகள் குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, கிழக்கே ஒரு கதவும் மேற்கே ஒரு கதவும் வைத்திருந்தன. கதவருகே இருக்கும் பொத்தானை அழுத்தினால், உள்ளே வேறு விலங்கு இல்லாமல் குளம் காலியா என்று கணினி பார்க்கும். காலி என்றால் மறு கதவைப் பூட்டிவிட்டு இந்தக் கதவைத் திறக்கும்.

அந்தக் கணினிக்கு நிரல் எழுதியது கீரி. எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல், தானாகவே கற்றுக்கொண்ட வேலை. ஆறு கோடைகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

ஏழாம் கோடையில் குளத்துக்கு வரும் கூட்டம் பெருகியது. சில நாட்களில் இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. கீரி ஒரு மாதம் மல்லுக்கட்டியும் ஏன் என்று தெரியவில்லை. காட்டின் தலைவியான யானை, மலைக்கு அப்பாலிருந்து முனைவர் பட்டம் பெற்ற இருவாச்சிப் பறவையை வரவழைத்தது.

குரங்குகள் இருவாச்சிக்குக் கூடை கூடையாக அத்திப்பழம் கொண்டுவந்தன. "முனைவர் சாப்பிட்டாரா?" என்று எல்லோரும் விசாரித்தார்கள். கீரிக்கு வயிறு எரிந்தது. ஆறு வருடத்தில் தன்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இருவாச்சி நேராகக் கீரியிடம் வந்தது. "இந்தத் தவறு எப்போதெல்லாம் நடக்கிறது? ஏதாவது கவனித்தீர்களா?"

"பட்டம் வாங்கியவர் நீங்கள். எனக்கென்ன தெரியும்?" என்று கீரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் கரையில் படுத்திருந்த கீரி ஒன்றைக் கண்டது. கிழக்கே காட்டுப்பன்றியும் மேற்கே கடமானும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தின. இரண்டு கதவும் திறந்தன. ஓ, இதுதானா என்று கீரி துள்ளி எழுந்து இருவாச்சியைத் தேடி ஓடியது.

வழியில் ஒரு குரங்கு இன்னொன்றிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "கீரியால் ஒரு மாதமாக முடியாததை முனைவர் இரண்டே நாளில் முடித்துவிடுவார், பாரேன்."

கீரி நின்றது. 'நான் போய்ச் சொன்னால் பெயர் யாருக்குப் போகும்?' வந்த வழியே திரும்பியது.

தானே சரிசெய்து காட்டிவிடலாம் என்று ரகசியமாக முயன்றது. மேற்குக் கதவைச் சற்றுத் தாமதமாகத் திறக்க வைத்தது. அப்போதும் தவறு நின்றபாடில்லை. இருவாச்சியோ கணினியின் கடிகாரத்தில்தான் கோளாறு என்று நினைத்து அதைச் சோதித்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் விடியற்காலை, ஒரு கதவு வழியே மானும் குட்டியும் நுழைந்தன. மறு கதவு வழியே சிறுத்தை நுழைந்தது. மான் மட்டும் திரும்பி வந்தது.

கீரியால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இருவாச்சியிடம் போய்த் தான் கண்டதைச் சொன்னது.

"குளம் காலியா என்று பார்ப்பது ஒரு வேலை, மறு கதவைப் பூட்டுவது இன்னொரு வேலை என்று நிரலில் இருக்கிறது" என்றது இருவாச்சி. "அந்த இடைவெளியில் இரண்டு கதவுமே குளம் காலி என்று நம்பிவிடுகின்றன. இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாக்க வேண்டும்." நண்பகலுக்குள் நிரலைத் திருத்திவிட்டது. பிறகு எத்தனை முறை ஒன்றாக அழுத்தியும் ஒரு கதவுதான் திறந்தது.

மாலையில் எல்லா விலங்குகளும் கூடின. "திருத்தும் முறையை நான் படித்திருந்தேன். ஆனால் எங்கே திருத்துவது என்று காட்டியது கீரி. பாதிப் புகழ் அதற்குத்தான்" என்றது இருவாச்சி.

எல்லோரும் கீரியைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அது ஏங்கியது இந்தப் பார்வைக்குத்தான்.

மான் மெல்லக் கேட்டது: "உனக்கு இது எப்போது தெரியும்?"

"முந்தாநாள்" என்றது கீரி.

"என் குட்டி போனது இன்று காலை" என்றது மான்.

கீரி தலையைக் குனிந்துகொண்டது. புகழைப் பற்றி அதன்பின் அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

நீதி: படித்தறிந்தவரும் பார்த்தறிந்தவரும் சேர்ந்தால் சிக்கல் தீரும், பொறாமை அவர்களைச் சேர விடாது.